அக்கா வீட்டு அடுக்களைக் காற்று

தென்காசியில் என்னைப் பார்க்கிறவர்கள் கேட்கிற கேள்வி ஒன்றுதான். சார், தூசியைப் போய் யாராவது படிப்பார்களா? நான் படிக்கிறேன். ஊருக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் கட்டிடங்களைப் பற்றிப் பாடம் நடத்துகிறேன். ஒரு வீட்டுக்கு வெளியே காற்றில் மிதக்கிற தூசி எவ்வளவு, உள்ளே எவ்வளவு, வெளியிலிருந்து புகுந்தது எது, உள்ளேயே பிறந்தது எது என்று கணக்குப் போடுவது என் வேலை. விளக்கத் தொடங்கினால் கேட்கிறவருக்குப் பாதியிலேயே கொட்டாவி வந்துவிடும். எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். கோபத்தை மூக்கு நுனியிலும் மூளையைக் கம்ப்யூட்டரிலும் வைத்துவிட்டுத் திரிகிற மனுஷன் என்று என் மனைவி சொல்வாள். அவள் சொன்னதில் பாதியைத்தான் அப்போது ஒத்துக்கொண்டேன்.

கணக்கு ஒன்றும் பயப்படுகிற மாதிரி இல்லை. வீட்டை ஒரு தண்ணீர்த் தொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குழாய் வழியாக வெளித்தூசி உள்ளே வருகிறது. உள்ளேயே ஓர் ஊற்றும் இருக்கிறது: தாளிப்பு, அப்பளம் பொரிப்பது, ஊதுபத்தி, கொசுவர்த்தி, துடைப்பம். அடியில் ஒரு துளை வழியாக எல்லாம் மெல்ல வெளியே போகிறது, கொஞ்சம் தரையிலும் பாயிலும் படிகிறது. வீட்டுக்குள் ஒரு பெட்டி, வெளியே ஒரு பெட்டி வைத்து நிமிஷத்துக்கு நிமிஷம் அளந்தால், துளை எவ்வளவு பெரியது, ஊற்று எவ்வளவு சுரக்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம். பெட்டி உள்ளங்கை அகலம்தான். ஒரு சின்ன விசிறி காற்றை இழுக்கும், உள்ளே லேசர் கற்றை தூசியில் பட்டுச் சிதறும், அந்தச் சிதறலை அளந்து கல்லூரிக் கம்ப்யூட்டருக்கு அனுப்பிவிடும். எண்ணெயில் கொஞ்சம் கடுகு வெடித்தால் போதும், திரையில் கோடு துள்ளி எழும். அதைப் பார்க்க எனக்கு அத்தனை சந்தோஷம்.

போன வருஷம் சாரல் தொடங்குகிற சமயத்தில் சில வீடுகளில் இந்தப் பெட்டிகளை வைத்தேன். கேரளாவுக்கு ஜல்லி ஏற்றிப் போகிற லாரிகள் உரசுகிற மாதிரி மெயின் ரோட்டில் ஒரு வீடு, மர அறுவை மில்லுக்குப் பக்கத்தில் ஒன்று, மலைக்காற்று நேரே வந்து மோதுகிற செங்கோட்டைப் பக்கம் ஒன்று. வெளிக்காற்று சுத்தமாக இருக்கிற இடத்திலும் இரண்டு வீடு வேண்டியிருந்தது. இலஞ்சி நினைவுக்கு வந்தது. என் அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர் அது. வீட்டுக்கு முன்னால் வயல், பின்னால் தென்னந்தோப்பு. அத்தானுக்குப் புளியங்குடி எலுமிச்சைச் சந்தையில் கமிஷன் வியாபாரம், விடிவதற்கு முன்னால் போய் இருட்டித் திரும்புகிற தொழில். ஒரே மகள் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான்.

பெட்டி வைக்கப் போகிற வீட்டிலெல்லாம் அதை ஏதோ கேமரா என்று நினைத்தார்கள். அக்காவும் கேட்டாள்.

"இதுல ஆள் தெரியுமாலே? பேசுதது கேக்குமா?"

தூசி மட்டும்தான் தெரியும், நீ இருப்பதே அதற்குத் தெரியாது என்று சொல்லிச் சிரித்தேன். அவள் அந்தப் பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சரி வச்சுட்டுப் போ என்றாள்.

அக்கா வீட்டில் அப்போது ஒரு நல்ல காரியமும் கூடிவந்திருந்தது. மகளுக்குக் கடையத்திலிருந்து சம்பந்தம். மாப்பிள்ளை போலீஸில் இருக்கிறார், கௌரவமான குடும்பம். அவருடைய சித்தி ஒருத்தி இலஞ்சியில் அக்காவின் தெருவிலேயே இருந்தாள், அவள் மூலமாக வந்த பேச்சுதான். குடும்பம் ஒழுங்கான குடும்பமாக இருக்க வேண்டும், மற்றதெல்லாம் பிறகு என்பது கடையத்தாரின் பேச்சு. ஆவணியில் நிச்சயதார்த்தம் என்று முடிவாகியிருந்தது. தாய்மாமன் என்ற முறையில் தட்டு எடுக்க வேண்டியவன் நான், அதற்காகப் பட்டு வேட்டிகூட எடுத்தாகிவிட்டது. இலஞ்சியில் என் இன்னொரு பெட்டி அந்தச் சித்தி வீட்டில்தான் இருந்தது, அதுவும் அக்கா சொல்லிக் கிடைத்தது.

பெட்டிக்கு எண்ணத் தெரியும், காரணம் தெரியாது. அதனால் எந்த நேரத்தில் என்ன சமைத்தார்கள் என்று ஒவ்வொரு வீட்டிலும் தினமும் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். சாயங்காலம் காப்பியைக் குடித்துவிட்டு வரிசையாகப் போன் போடுவேன். மற்ற வீடுகளில், என்ன சார், என்னத்தப் பெருசா, வழக்கம்போலத்தான் என்று முடித்துவிடுவார்கள். அக்கா அப்படி இல்லை. காலையில் தோசை, மத்தியானம் வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு, கூட அப்பளம் பொரித்தேன் என்பாள். மறுநாள் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும். அதற்கு மறுநாள் கூட்டாஞ்சோறு, தொட்டுக்கொள்ள வடகம். போகப் போகப் பட்டியல் வளர்ந்தது. கேட்கும்போதே நாவில் ஊறும். இரண்டே பேருக்கு இத்தனை செய்கிறாயே, அத்தான் கொடுத்துவைத்தவர் என்பேன். அவளும் சிரிப்பாள். ஒரே ஊர் மாதிரியான தூரத்தில் இருந்துகொண்டு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் பேசிக்கொண்டிருந்த நாங்கள் அந்தச் சாரலில்தான் தினமும் பேசினோம். அதைப் பாசம் என்றே நினைத்துக்கொண்டேன்.

நடுநடுவே நேரிலும் போனேன். சாரல் ஈரத்தில் பெட்டியின் விசிறியில் அழுக்கு பிடித்துக்கொள்ளும், துடைத்துவிட்டு வர வேண்டும். நான் வருகிறேன் என்று தெரிந்தாலே அக்கா ஒரு கல்யாணத்துக்கு ஆகிற மாதிரி சமைத்துவைப்பாள். சொதி, உருளைக்கிழங்குப் பொரியல், வாழைக்காய் வறுவல், இஞ்சிப் பச்சடி. அத்தான் எங்கே என்று கேட்டால், எலுமிச்சை சீசன்லா, லோடு ஏத்த விடிய முந்தியே போயிட்டாக என்பாள். எலுமிச்சை வியாபாரி வீட்டில் இல்லாதது ஒரு அதிசயமா என்ன? மூக்குமுட்டத் தின்றுவிட்டு, மனைவிக்கும் ஒரு தூக்குச்சட்டியில் வாங்கிக்கொண்டு வண்டியை எடுப்பேன். அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. அளக்கிறவன் வீட்டுக்குள் போன நாளைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவோம். கதவைத் திறந்து மூடுவோம், நடமாடுவோம், விருந்தாளி வந்தான் என்று வீட்டுக்காரர்கள் வழக்கத்துக்கு மாறாக எதையாவது செய்வார்கள். அது அந்த வீட்டின் இயல்பான நாள் ஆகாது. ஆகவே நான் இலஞ்சிக்குப் போன தேதிகளையெல்லாம் கம்ப்யூட்டரில் கொடுத்து நீக்கிவிட்டேன். நீக்குவதற்கு முன்னால் அந்த நாட்களைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தரவும் இல்லை.

மிச்ச நாட்களைப் போட்டுப் பார்த்தபோது நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். மற்ற வீடுகளில் கோடு காலை, மத்தியானம், ராத்திரி என்று எழும்பி எழும்பி விழுந்தது. அக்கா வீட்டில் வெளிக்காற்றின் கோடு எப்படிப் போகிறதோ உள்கோடும் அதன் கீழேயே தாழ்வாக, சாதுவாகப் போயிற்று. விளக்கேற்றுகிற நேரத்தில் மட்டும் ஒரு சின்ன மேடு. அது ஊதுபத்தி. ஆனால் அக்கா தினமும் தாளிக்கிறாள், பொரிக்கிறாள், வறுக்கிறாள், என் குறிப்பில் எல்லாம் இருக்கிறது. அப்படியானால் அந்தப் புகையெல்லாம் எங்கே போனது? எனக்கு ஒரே ஒரு பதில்தான் தோன்றியது. அடுக்களையின் அமைப்பு. அந்த ஓட்டுக்கூரையில் அடுப்புக்கு நேர் மேலே புகை போக ஒரு கூண்டு வைத்துக் கட்டியிருந்தார்கள், வயல் பக்கம் பெரிய ஜன்னல். தொட்டியின் துளை மிகப் பெரியது என்று கணக்கில் திருத்தினேன். கணக்கு அழகாகப் பொருந்தியது. கூண்டையும் ஜன்னலையும் படமெடுத்தேன். காற்றோட்டத்துக்கு இப்படி ஓர் அடுக்களை என்று கட்டுரை எழுத ஆரம்பித்தேன். கல்லூரியில் பார்த்தவர்களிடமெல்லாம் எங்கள் அக்கா வீடு எங்கள் அக்கா வீடு என்று பீற்றிக்கொண்டேன்.

முடிவுகளைச் சொல்லக் குற்றாலத்தில் ஒரு விடுதியின் மாடியில் கூட்டம் போட்டோம். வெளியூர்ப் பேராசிரியர்களை மற்ற மாதங்களில் கூப்பிட்டால் வேலை இருக்கிறது என்பார்கள், சீசனில் குற்றாலம் என்றால் மறு கடிதத்திலேயே வருகிறேன் என்று எழுதிவிடுவார்கள். தலை ஈரம் காயாமல், கைப்பையில் துண்டு சுற்றி வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். பெட்டி வைத்த வீட்டுப் பெண்களையும் அழைத்திருந்தேன். அக்கா நல்ல புடவை கட்டிக்கொண்டு மாப்பிள்ளையின் சித்தியோடு வந்து முன்வரிசைக்கு அடுத்த வரிசையில் இருந்தாள்.

வீடுகளை எண்ணால் மட்டும்தான் சொல்ல வேண்டும் என்று நானே வகுத்த விதி. அக்கா வீட்டு அடுக்களையின் படம் திரையில் வந்ததும் எனக்கு விதியெல்லாம் மறந்துபோயிற்று. இது எங்க அக்கா வீடுதான், அக்கா இங்கேதான் இருக்காங்க என்று கை காட்டினேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சித்தி அக்காவின் தோளைத் தட்டினாள். தினமும் மூன்று வேளை சமைத்தும் புகை தங்காத அடுக்களை என்று சொல்லி, சாதுவான அந்தக் கோட்டைக் காட்டினேன். கைதட்டுகூட விழுந்தது.

வந்திருந்தவர்களில் மூத்த பேராசிரியை ஒருவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு சந்தேகம் கேட்டார். அந்த ஊதுபத்தி மேடு இறங்க வெகு நேரம் எடுக்கிறதே, ஊதுபத்திப் புகை தங்குகிற வீட்டில் தாளிப்புப் புகை மட்டும் எப்படித் தங்காமல் போகும் என்றார். சாமி அறை வேறு, அடுக்களை வேறு என்று சொல்லிச் சமாளித்தேன். குரலில் கொஞ்சம் சூடும் ஏறியிருக்கும். அவர் விடவில்லை. கோட்டில் அங்கங்கே இடைவெளி இருக்கிறதே, அது என்ன என்று கேட்டார். நான் போன நாட்கள், நீக்கிவிட்டேன் என்றேன். அதையும் போட்டுப் பார்ப்போமே என்றார் சாதாரணமாக.

போட்டேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, நானே என் கையால் போட்டேன்.

இடைவெளி இருந்த இடத்திலெல்லாம் கோடு திரையின் உச்சிக்குப் போயிற்று. நான் போன ஒவ்வொரு நாளும். ஏறியது இறங்க மத்தியானம் முழுவதும் ஆனது. அதே அடுக்களை, அதே கூண்டு, அதே ஜன்னல். நான் சாப்பிட்ட நாட்களில் மலை, சாப்பிடாத நாட்களில் தரை.

முதலில் எனக்குத் திரையில் ஏதோ தப்பு என்றுதான் பட்டது. அந்த அறையில் இருந்த பெண்களுக்கு அப்படிப் படவில்லை. அடுப்படியில் நின்று பழகியவர்களுக்கு அதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? பின்வரிசையில் பேச்சு சலசலத்து, உடனே அடங்கியது. சித்தி மெதுவாக அக்கா பக்கம் திரும்பினாள். அக்கா அவளையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை, திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போகாத நாட்களில் அந்த வீட்டில் அடுப்பே எரியவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெட்டியில் ஏதோ கோளாறு என்று மைக்கில் சொன்னேன். பெட்டி நன்றாகத்தான் வேலை செய்திருக்கிறது என்று அந்த அம்மையார் தணிந்த குரலில் சொல்லிவிட்டு, மேற்கொண்டு எதுவும் கேட்காமல் உட்கார்ந்தார். சாப்பாடு தயார் என்று யாரோ வந்து சொன்னார்கள். கூட்டம் எழுந்தபோது அக்கா இருந்த நாற்காலி காலியாக இருந்தது.

சாரலில் நனைந்துகொண்டே இலஞ்சிக்கு வண்டியை ஓட்டினேன். அக்கா கட்டிய புடவையோடு வாசலை அடுத்த பட்டாசாலையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அத்தான் எங்கே என்று நான் கேட்டதும் அவளே சொல்ல ஆரம்பித்தாள். பொங்கல் கழிந்ததிலிருந்து அவர் புளியங்குடியிலேயே தங்கிவிட்டார். அங்கே வேறொருத்தியோடு குடித்தனம். நிச்சயதார்த்தத்துக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வந்து மணவறையில் நிற்கிறேன் என்று ஒத்துக்கொண்டிருக்கிறார். அதுவரை யாருக்கும் தெரியக்கூடாது, தெரிந்தால் கடையத்தார் விலகிவிடுவார்கள் என்று இவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறாள். மகளிடம்கூடச் சொல்லவில்லை. மத்தியானம் கோயிலில் போடுகிற சாப்பாடு, தெரிந்த முகம் வரிசையில் நின்றால் அதுவும் இல்லை. ராத்திரிக்கு ரெண்டு வாழைப்பழம்.

தனக்காவது ஒரு பிடி பொங்கக்கூடாதா என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்கு என் குரல் பிடிக்கவில்லை.

"ஒருத்திக்குன்னு எப்படிலே தாளிக்க?" என்றாள். "சட்டிய எடுப்பேன், வச்சிருவேன். நீ வாரேன்னு சொன்னாத்தான் கை தன்னால போவும்."

அப்படியானால் சாயங்காலம் போனில் சொன்ன புளிக்குழம்பும் கூட்டாஞ்சோறும் எல்லாம் என்று கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். அத்தனையையும் நேரம் போட்டுக் குறித்துவைத்தவன் நான். அவள் வெறும் அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னதை நான் நாவில் ஊற ஊறக் கேட்டிருக்கிறேன். வெட்கத்தில் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஏதாவது செய்து இதைத் துடைத்துவிட வேண்டும் என்று மட்டும் தோன்றியது. நான் இப்பவே அந்தச் சித்தி வீட்டுக்குப் போய், பெட்டி கெட்டுப்போயிருந்தது, தப்பாகக் காட்டிவிட்டது என்று அடித்துச் சொல்லிவிடுகிறேன், நம்பிவிடுவார்கள் என்றேன்.

அக்கா தலையை ஆட்டினாள். "மிஷின் பொய் சொல்லுதுன்னு சொல்லிராத. இத்தன மாசத்துல நான் சாப்பிடலன்னு கண்டது அது ஒண்ணுதான்."

பிறகு எழுந்து முகம் கழுவி, தலையைச் சீவி முடிந்துகொண்டு, தெருவில் இறங்கிச் சித்தி வீட்டுக்கு நடந்து போனாள். கூட வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டாள். அவள் உள்ளே போய் எதை எப்படிச் சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது, நடை மட்டும் நிதானமாக இருந்தது.

கடையத்தார் கெட்டவர்கள் இல்லை. கூச்சல் போடவில்லை, ஊரில் எதுவும் பேசவில்லை. கொஞ்ச நாள் போகட்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். எங்கள் பக்கத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆவணி வந்தது, போனது.

அக்காவின் மகள் கோயம்புத்தூரிலிருந்து அம்மாவைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போக வந்தாள். வந்தவள் ஒரு காலையில் தென்காசிக்கு என் வீட்டுக்கும் வந்தாள். நான் அவளுடைய கோபத்துக்குத் தயாராக இருந்தேன். சபையில் அவள் அம்மாவை மானங்கெடுத்து அவள் கல்யாணத்தையும் கெடுத்தவன் நான், எதைச் சொன்னாலும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிவைத்திருந்தேன். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. கதவுப் பக்கத்திலேயே நின்றாள்.

"சம்பந்தம் போனா போவுது மாமா. அதுக்கு ஒண்ணும் நான் வரல. அம்மா சாப்பிடலன்னு ஒங்களுக்கு எப்பம் தெரியும்?"

குற்றாலத்தில், அன்றைக்குத்தான் என்றேன்.

"அதுக்கு முந்தியே அந்தக் கோட்டப் பாத்துக்கிட்டுத்தான இருந்திய?"

பார்த்தேன் என்றேன்.

"என்ன பாத்திய?"

அடுக்களை நன்றாகக் கட்டியிருப்பதைப் பார்த்தேன் என்பதுதான் நிஜமான பதில். அது வாய்வரைக்கும் வந்தது. அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லக் கூசி, உள்ளே போய் என் மனைவியிடம் அவளுக்குக் காப்பி போடச் சொன்னேன்.